உங்கள் அம்மா புல் பிடுங்கிய மலை

மகளே, தம்பி,

இதை உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன். வாயால் சொல்லிப் பார்த்தேன், பாதியில் நின்றுவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வெளிநாட்டிலிருந்து கோல் எடுத்தபோது மகள் போனை வாங்காமல் வெளியே போய்விட்டாள். தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு டியூசன் இருக்கிறது என்றான். அன்றைக்கு டியூசன் இல்லை என்பது எனக்கும் தெரியும், அந்தப் பக்கம் இருந்த அம்மாவுக்கும் தெரியும்.  சாப்பிட்டீர்களா, மழை பெய்கிறதா என்று என்னோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு வைத்துவிட்டாள்.

பிறகு மகளிடம் விசாரித்ததில்தான் விசயம் தெரிந்தது. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது யாரோ சொல்லியிருக்கிறார்கள். கீழ்மலையில் நாங்கள் குரக்கன் போட்ட வருசம், வெளிநாட்டுக்குப் போவதற்காகவே உங்கள் அம்மா அந்தப் பயிரை வேண்டுமென்று பிடுங்கிப் போட்டாளாம். விளைந்தால் போக மாட்டேன் என்று என்னிடம் வாக்குக் கொடுத்திருந்தாளாம், அதனால் விளையவிடாமல் செய்தாளாம்.

வாக்குக் கொடுத்தது உண்மை. குரக்கனைப் பிடுங்கியதும் உண்மை. மற்றது உண்மை இல்லை. சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவர்தான், நாளைக்கும் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். நான் ஆண்டு ஒன்பதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் மகள் திருத்திக்கொள். நடந்ததில் பிழை இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

மண்ணெண்ணெய்க்குப் பதுளையில் வரிசை நின்ற வருசம் அது. தம்பிக்கு வரிசையில் இடம் பிடிக்க ஆளுக்குப் பதிலாக வைத்திருந்த போத்தல்கள் மட்டும் நினைவிருக்கலாம். தேயிலைக்கு உரம் இல்லை. கொழுந்து இல்லாத மலையில் விடிந்ததிலிருந்து நின்றாலும் கிலோ காணாது, கிலோ காணாவிட்டால் அரைப் பேர்தான் போடுவார்கள். அரை நாள் சம்பளம் என்று அர்த்தம். நான் அப்போது பதுளையில் ஒரு மேசன் பாஸுக்குக் கையாளாகப் போய்க்கொண்டிருந்தேன். சீமெந்து விலை ஏறியதும் வீடு கட்டுகிறவர்கள் பாதிச் சுவரோடு நிறுத்திவிட்டார்கள். நான் வீட்டில் உட்கார்ந்தேன்.

அந்த நேரத்தில்தான் பண்டாரவளையிலிருந்து வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் லயத்துக்கு வந்தார். வீட்டு வேலை, இரண்டு வருசம், சாப்பாடு அங்கேயே என்றார். மூன்று பெண்கள் பேர் கொடுத்தார்கள். உங்கள் அம்மா அவரிடம் ஒன்றும் பேசவில்லை. அவர் போன பிறகு அடுப்பைப் பார்த்தபடி என்னிடம் சொன்னாள்.

"புள்ளைக ரெண்டும் ரொட்டிய பிச்சுப் பிச்சு அளந்து திங்குதுக. தம்பி பாதிய ஒளிச்சு வைக்கிறான், ராத்திரிக்கு வேணும்னு. நான் பாத்துக்கிட்டே இருக்கணுமாங்க?"

 ஆனாலும் போகாதே என்றேன். எப்படிப் போகாமல் இருப்பது என்று அவள் கேட்டபோதுதான் கீழ்மலையைப் பற்றிச் சொன்னேன். தோட்டத்தின் அடிவாரத்தில், கிராமத்தை ஒட்டிய பக்கத்தில் ஒரு துண்டு மலை பல வருசமாகக் கைவிடப்பட்டுக் கிடந்தது. தேயிலை செத்து, மானாப்புல் ஆளுயரம் வளர்ந்திருந்தது. சாப்பாட்டுப் பயிர் போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று துரை சொன்னதாகக் கணக்கப்பிள்ளை காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் அறிவித்திருந்தார். எழுத்தில் ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சுத்தான். எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுப்பார்கள்.

"ஒரே ஒரு மழைக்கு இரு புள்ள" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னது இதுதான். "சரி. இந்த மழைக்குப் பாப்போம். தை முடியுறதுக்குள்ள அடுத்த மழை வரைக்கும் திங்க மூட்டை வீட்டுக்குள்ள வந்துட்டா நான் போகல. வரலன்னா நீங்க மறிக்கக் கூடாது."

வாக்கு என்று ஊரில் சொல்வது இதைத்தான். அவள் அதை விரும்பிச் சொன்னாள். அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறவர் திரும்ப வந்து போட்டோ கேட்டபோது, தைக்குப் பிறகு வாங்க என்று வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவள் உள்ளே வந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து மலை நுவரெலியாப் பக்கம் போல இல்லை. மழை ஒழுங்காக வருவது ஐப்பசியிலிருந்து தை வரைக்கும்தான். சித்திரையில் நாலு தூறல் விழும். அதன் பிறகு கச்சான் காற்று அடித்தால் பச்சையாக இருக்கிற இலையும் சலசலக்கும். அப்படிப்பட்ட மண்ணில் கிராமத்து ஆட்கள் தண்ணீரை நம்பாமல் போடுகிற பயிர் குரக்கன், உங்கள் புத்தகத்தில் கேழ்வரகு என்று இருப்பது. எங்கள் ஆட்களுக்கு அதைத் தின்னத் தெரியும், கடையில் மாவாக வாங்கத் தெரியும். போடத் தெரியாது. தேயிலையைத் தவிர எங்களுக்கு வேறு எது தெரியும்?

எனக்கு விதை கொடுத்தவர் என்னோடு மேசன் வேலைக்கு வந்த கிராமத்துச் சிங்கள நண்பர். அவர் குடும்பம் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்கிற குடும்பம். ஒரு பால்மா டின் நிறையக் குரக்கன், ஒரு துணி முடிச்சில் கடுகு, சோளக் கதிர் ஏழெட்டு, கௌபிப் பயறு, பூசணி விதை எல்லாம் கொண்டுவந்து வாசலில் வைத்தார். நான் கயிறு பிடித்து வரிசை போடலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"மச்சாங், தேயிலை மாதிரி கோடு வேணாம். எல்லாம் கலந்து போடு. ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்."

அவர் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. குரக்கனை மணலோடு கலந்து எங்கும் வீச வேண்டும். நடுநடுவே எட்டடிக்கு ஒரு குழியில் சோளம். சோளத்தின் அடியில் கௌபி, அது மண்ணை மூடிக்கொள்ளும். செத்த தேயிலைக் கட்டைகள் பக்கத்தில் பூசணி, கட்டை மேல் ஏறிக்கொள்ளட்டும். ஓரத்தில் கடுகு. கௌபி இரண்டரை மாதத்தில் வாய்க்கு வந்துவிடும், சோளம் அதன் பிறகு, கடைசியில் குரக்கன். மற்றதெல்லாம் அன்றன்றைக்குத் தின்றுவிடுகிறது, மூட்டையாக வைத்துக்கொள்ள முடிவது குரக்கன்தான். ஆகவே அம்மா கேட்ட மூட்டை குரக்கன்தான்.

மானாப்புல்லை வெட்டி எரித்தோம். வேரைத் தோண்டி எடுக்க இரண்டு மண்வெட்டிப் பிடி உடைந்தது. தீபாவளிக்கு முந்தி, முதல் மழை நனைத்த மறுநாள் விதைத்தோம். சனிக்கிழமை ஆனதால் நீங்களும் வந்தீர்கள். மகள் குழி குழியாகச் சோளம் போட்டாள். தம்பி ஊற வைத்த சோளத்தில் பாதியைத் தின்றுவிட்டான், அம்மா முதுகில் ஒன்று வைத்தாள், நினைவிருக்கிறதா? மேலே ரோட்டில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். "தொர புல்லு வெட்டச் சொல்றாரு, இவரு புல்லு வெதைக்கிறாரு" என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே, "வெளைஞ்சதும் களி கேட்டு வாசலுக்கு வருவீங்கல்ல அண்ணே, அப்ப பேசிக்கிறேன்" என்றாள்.

மழை அந்த வருசம் தொடக்கத்தில் நன்றாகவே இருந்தது. சோளம் முதலில் தலை காட்டியது, பிறகு கௌபி. குரக்கன் மெல்லிய பச்சைப் புகை போல மலை முழுக்க எழும்பியது. நானும் அம்மாவும் மாலையில் அங்கே போய்ச் சும்மா நிற்போம். அவளுக்குக் கொழுந்து மலையிலிருந்து வந்த கால்வலி இருக்கும், ஆனாலும் வருவாள். குரக்கனோடு சேர்ந்து புல்லும் வந்தது. எல்லா மண்ணிலும் வரும். நண்பர் ஒரு சாண் வளரட்டும், அடுத்த பௌர்ணமிப் போயா லீவில் நானே வந்து முதல் களை எப்படி எடுப்பது என்று காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

அதற்குள் ஹாலிஎலையில் ஒரு கடைக்குக் கூரை மாற்றும் வேலை வந்தது. சில நாள் வேலை. நான் போனேன். போகும்போது அம்மாவிடம் புல் ஏறிக்கொண்டு வருகிறது, பயிரை அமுக்கிவிடும் போல இருக்கிறது என்று கவலையாகச் சொல்லிவிட்டுப் போனேன். சொன்னது அவ்வளவுதான்.

இப்போது ஒரு விசயத்தை விளங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்தில் புல்லு வெட்டு என்பது தனி வேலை. சில பேர் மலைத் துண்டை இவ்வளவு கூலி என்று பேசிக் கொந்தரப்பாக எடுப்பார்கள். அந்தத் துண்டில் தேயிலையைத் தவிர ஒரு பச்சை இருக்கக் கூடாது. கணக்கப்பிள்ளை வந்து பார்க்கும்போது ஒரு புல் தெரிந்தாலும் திரும்பச் செய்யச் சொல்வார். உங்கள் அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொந்தரப்பில் போனவள். புல் சுரண்டி பிடித்தால் அவள் போன பாதை கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அகல இலை என்றால் பார்த்து விடு, ஒல்லி இலை என்றால் வேரோடு எடு. கை அப்படித்தான் பழகியிருந்தது. அவள் கை மட்டும் இல்லை, எங்கள் எல்லோர் கையும்.

குரக்கன் நாற்றும் ஒல்லி இலைதான். அதோடு, குரக்கனைப் போலவே ஒரு புல் இருக்கிறது. சின்னதில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும். கிராமத்தில் அதைக் காட்டுக் குரக்கன் என்பார்கள். எங்களுக்கு அது அப்போது தெரியாது. ஒரு சோகம் என்னவென்றால், நான் அன்றைக்கு அங்கே இருந்திருந்தாலும் நானும் கூடச் சேர்ந்து பிடுங்கியிருப்பேன்.

நான் ஹாலிஎலையில் இருந்த ஒரு நாள் மலையில் கொழுந்து இல்லை என்று பெண்களைக் காலையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா தன்னோடு கொழுந்து எடுக்கிற செட்டில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கீழ்மலைக்குப் போனாள். எனக்குச் சொல்லாமல் முடித்து வைத்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். சாயத்தண்ணியும் ரொட்டியும் எடுத்துப் போனார்களாம். பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தார்களாம். கண் சோளத்தையும் கௌபியையும்தான் பயிர் என்று விலக்கியிருக்கிறது, மற்ற ஒல்லி இலையை எல்லாம் கை தன் பழக்கத்தில் எடுத்துவிட்டது. இருக்கிற கோதுமை மா முழுவதையும் அன்றைக்கு அந்த நாலு பேருக்கு ரொட்டி சுட்டுவிட்டாள், உங்களுக்கு ராத்திரி கஞ்சிதான் கிடைத்தது. வேண்டுமென்று பயிரை அழிக்கப் போகிறவள் அடுத்த லயத்து ஆட்களுக்கு ரொட்டி சுடுவாளா?

நான் மாலை பஸ்ஸில் வந்து இறங்கியபோது அவர்கள் ஐந்து பேரும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்ததும் எழும்பினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே கையைக் காட்டினாள்.

"பாத்தீங்களா, நர்சரி மாதிரி இருக்கு."

பார்த்தேன். சிவந்த மண். அதில் சோளம் தனித்தனியாக நின்றது. கௌபி தெளிவாகத் தெரிந்தது. பூசணிக் கொடியைக்கூட நகர்த்தி, அதன் அடியில் இருந்ததையும் எடுத்திருந்தார்கள். பிடுங்கியதை மண் உதறி, வேர் மேலே பார்க்கும்படி ஓரத்தில் குவித்திருந்தார்கள். வேர் மண்ணில் பட்டால் திரும்பப் பிடித்துக்கொள்ளும் என்று தோட்டத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள். நாள் முழுக்க வெயில். குவியல் வாடிக் கிடந்தது. அந்த மெல்லிய பச்சைப் புகை எங்குமே இல்லை.

  அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மலையைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. "கொரக்கன் எங்கங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். பதில் தெரிந்துதான் கேட்டாள்.

மற்றப் பெண்களும் எழும்பிவிட்டார்கள். ஒருத்தி தலையில் கை வைத்தாள். இன்னொருத்தி, நல்லவள்தான், பயத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல் விளையாட்டாக ஒரு வார்த்தை விட்டாள்.

"நல்ல வேல பாத்த போ. இனி ஒன்ன மறிக்க அவருக்கு வாய் இல்ல. பொட்டியக் கட்டு."

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டும் என்று சிரிக்கவில்லை. உங்கள் அம்மா சிரிக்கவில்லை. பீலியில் நீங்கள் கேட்ட கதை இந்த வார்த்தையிலிருந்து வந்ததுதான். அன்று இரவே மேல் லயத்துக்குப் போயிருக்கும், அங்கிருந்து அடுத்த டிவிசனுக்கு. போகப் போக விளையாட்டு உதிர்ந்துவிட்டது, வார்த்தை மட்டும் நின்றுவிட்டது. சொன்னவள் மறுநாள் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதை யாரும் எடுத்துப் போய்ச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நண்பரைக் கூட்டி வந்தேன். அவர் குவியலுக்குப் பக்கத்தில் குந்தினார். ஒரு பிடியை எடுத்து விரித்துப் பார்த்தார். குரக்கன் பிடுங்கி நட்டாலும் பிழைக்கிற பயிர்தான், வேர் உயிரோடு இருந்தால் போதும் என்றார். எங்களுக்கு உயிர் வந்தது. அப்படியானால் குரக்கனை மட்டும் பொறுக்கிக் கொடுங்கள் என்று அம்மா கேட்டாள்.

"அடி தட்டையா, வெள்ளையா இருந்தா புல்லு. உருண்டு பச்சையா இருந்தா குரக்கன்" என்று அவர் தன் தமிழில் சொன்னார். கொஞ்ச நேரம் பொறுக்கினார். பிறகு கையை உதறிவிட்டு, "வாடின பிறகு எனக்கும் தெரியாது அக்கா" என்றார்.

அவர் போன பிறகும் அம்மா பொறுக்கினாள். அன்று பின்நேரம் மழை தூறியது. அவள் மண்டி போட்டு நடத் தொடங்கினாள். நானும் நட்டேன். அடுத்த நாள் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை, வேலை விட்டு வந்து ஒரு தடவை. குவியலில் வேர் கொஞ்சம் ஈரமாக இருந்த எதையும் விடவில்லை. மகள், அந்த நாட்களில் அம்மாவின் முட்டி இரண்டும் வீங்கி நீ எண்ணெய் தேய்த்துவிட்டாயே, அது கொழுந்து மலையில் வந்த வலி இல்லை. அது இந்த வலி. வெளிநாட்டுக்குப் போக வழி பார்த்தவள் இப்படியா மண்டி போடுவாள்? என்னிடம் இதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

நட்டதில் கொஞ்சம் பிடித்தது. பச்சை திரும்ப வந்ததும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. சில நாள் நன்றாகப் பேசினாள், தையில் களி கிண்டும்போது உங்களுக்கு என்னென்ன வைப்பது என்று கூடப் பேசினாள். ஆனால் வளர வளரத்தான் தெரிந்தது. நட்டதில் பெரும்பகுதி கதிர் விடும்போது ஒல்லி ஒல்லியாக விரல் விரித்தது. மணி இல்லாத விரல். காட்டுக் குரக்கன். நாங்கள் தூக்கிக் கும்பிட்டு நட்டது பாதிக்கு மேல் புல். உங்கள் அம்மா ஒவ்வொரு கதிராகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். கடைசி வரைக்கும் போகவில்லை, பாதியில் திரும்பி வந்து மேட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

அதன் பிறகு மழை நின்றது. மார்கழியில் வர வேண்டிய மழை வரவில்லை. சோளம் பால் பிடிக்கிற நேரத்தில் இலை சுருண்டது. கௌபி பூத்து உதிர்ந்தது. இரண்டு முறை அவித்துத் தின்னும் அளவுக்குக் கிடைத்தது, நீங்கள் தேங்காய்ப்பூ போட்டுத் தின்றீர்கள். மீதியைப் பன்றி உழுதுவிட்டுப் போனது. பூசணியில் மூன்று காய், அதில் ஒன்று உள்ளே புழு. ஒன்று போனால் ஒன்று இருக்கும் என்று கலந்து போட்டோம், ஒவ்வொன்றும் தன் தன் நேரத்துக்குப் போனது. தை மாதம் வீட்டுக்குள் வந்தது ஒரு சிறிய பையில் குரக்கன். அம்மா அதைத் திரித்து உங்களுக்குக் களி கிண்டினாள். மூட்டை வரவில்லை.

இதை மகள் கவனமாக வாசிக்க வேண்டும். தை முடிகிற நேரத்தில் நான் நண்பரின் சேனையைப் பார்க்கப் போனேன். அவர் குரக்கனை யாரும் பிடுங்கவில்லை. அவர் வீட்டுப் பெண்களுக்கு எது பயிர், எது புல் என்று கண்ணை மூடிக்கொண்டு தெரியும். எல்லாம் நின்ற இடத்தில் நின்றது. நின்றபடி காய்ந்து போயிருந்தது. கதிரைக் கசக்கினால் உமிதான் பறந்தது. அவர் சிரித்துக்கொண்டு, "இந்த தடவை ரெண்டு பேரும் ஒண்ணு மச்சாங்" என்றார். அடுத்த மாதம் அவர் மகனும் கொழும்புக்குப் போனான், கட்டட வேலைக்கு.

ஆகவே அம்மா பிடுங்காமல் விட்டிருந்தாலும் மூட்டை வந்திருக்காது. இதை நான் அவளிடம் சொன்னேன். ஆறுதலுக்காகச் சொன்னேன். அவள், "அப்ப எப்படியும் போகத்தான் வேணும்" என்றாள். அது ஆறுதலாக இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தன் தவறால்தான் போகிறோம் என்று நினைத்தவரைக்கும், பிடுங்காமல் விட்டிருந்தால் வீட்டோடு இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்ள ஒரு இடமாவது அவளுக்கு இருந்தது.

ஆள் அனுப்புகிறவர் அவள் சொன்னபடி தைக்குப் பிறகு வந்தார். இந்த முறை போட்டோ கொடுத்தாள். நான் மறிக்கவில்லை.

இரண்டு வருசம் என்று போனவள் அதன் பிறகு இன்னும் இரண்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். வந்துவிடுவாள் என்று உங்களிடம் சொல்ல எனக்கும் ஆசைதான். எனக்குத் தெரியாது. அவள் வந்தாலும் இங்கே அவளுக்கு என்ன இருக்கிறது என்றும் தெரியாது. கீழ்மலையைத் தோட்டம் திருப்பி எடுத்து டர்பன்டைன் மரக் கன்று வைத்திருக்கிறது. இனி அங்கே யாரும் எதுவும் போட முடியாது. போன வருசம் அதற்கு மேலே இருக்கிற மேட்டில் இன்னொருவர் எங்களைப் பார்த்துக் குரக்கன் போட்டார். அவருக்கும் அதே வானம்தான்.

அம்மா போன நாள் காலையில் உங்களை வீட்டிலேயே கட்டிப் பிடித்துப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டாள். நான் பதுளை ஸ்டேசன் வரைக்கும் போனேன். அவளோடு இன்னும் சில பெண்கள், எல்லோரும் ஒரே மாதிரிப் புது பேக் வைத்திருந்தார்கள். ரயில் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பிக்குச் சளி பிடித்தால் எந்த மருந்து, மகளுக்கு எந்த நாளில் எந்த வகுப்பு என்றெல்லாம் சொன்னாள். கடைசியாகச் சொன்னது இது.

"புள்ளைககிட்ட அந்தப் புல்லு கதைய சொல்லிறாதீங்க. அம்மாவுக்குப் பயிர் தெரியலன்னு சிரிப்பாங்க."

அதனால்தான் இவ்வளவு காலம் நான் சொல்லவில்லை. அதனால்தான் நீங்கள் அதைப் பீலியில் கேட்க வேண்டியதாகிவிட்டது. நீங்கள் சிரித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கோல் எடுப்பாள். எடுத்துப் பேசுங்கள் என்று கட்டளை போடவில்லை. நடந்தது இதுதான், அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

ரயில் போன பிறகு நான் பஸ் ஏறி வந்தேன். பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருந்தது. லயத்துக்குப் போகாமல் கீழ்மலைத் திருப்பத்தில் இறங்கினேன். சோளத் தட்டைகள் வெளிறிப்போய் நின்றன. அதற்குக் கீழே எங்கும் புல், நல்ல பச்சையாக. கிராமத்து மாடுகள் இரண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. நான் வேலி வாசலில் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்தேன். குறுக்குக் கம்புகள் மூன்றையும் ஒவ்வொன்றாக உருவி, மாட்டின் காலில் படாதபடி ஓரமாகப் படுக்க வைத்தேன்.